240 ஹெர்ட்ஸும் வெறும் நாடாவும்

இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசமாச்சு. ஆபீசுல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் புடுங்க வேண்டிய ஆணி அப்படியேதான் கிடக்கு, ஆனா பொங்கல்ல இருந்து வயித்தெரிச்சல் ஒண்ணு உள்ளயே உருண்டுட்டு இருக்கு. இறக்கி வெச்சுட்டுப் போயிடறேன்.

டிஸ்கி: எந்தக் கம்பெனி மானிட்டர் வாங்கலாம்னு தேடி வந்தவங்க இப்பவே அப்பீட் ஆயிக்கலாம். இதுல கம்பெனி பேரு ஒண்ணும் வராது. திட்டு மட்டும்தான் வரும்.

என் சித்தப்பா சோமனூர்ல தறி ஓட்டறார். கூலி நெசவு, எட்டுத் தறி. 2025 மார்ச்சுல கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டத்துல விசைத்தறிக எல்லாம் ஒரு மாசத்துக்கு மேல நின்னுச்சே, அப்ப அவரு தறியும் நின்னுச்சு. அந்த மாசம் வீட்ல எப்படி ஓடுச்சுன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. அவரு பையன், எனக்குத் தம்பி, இஞ்சினியரிங் ரெண்டாம் வருஷம். அதே வருஷம் தீபாவளிக்கு சித்தப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த காசுல, காந்திபுரம் வந்து ஒரு மானிட்டர் வாங்கிட்டுப் போயிருக்கான். 27 இஞ்ச், 240 ஹெர்ட்ஸ், பதினேழாயிரத்துச் சொச்சம். நான் சரவணம்பட்டிலதான் பொட்டி தட்டிட்டு இருக்கேன். ஒரு போன் போட்டிருந்தா வண்டிய எடுத்துட்டு வந்திருப்பேன். "உங்களுக்கு எதுக்குண்ணா தொந்தரவு"ங்கறான். மரியாதையாமா!

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினான். "பாருங்கண்ணா, வெண்ணெயாட்ட ஓடுது. பழைய மானிட்டர்ல இந்த ஸ்மூத்து வராதுங்ணா." ஜிடிஏ 5 ஓடுது. நானும் பாத்தேன். எனக்கு வெண்ணெயும் தெரியல, மோரும் தெரியல. சந்தேகப்பட்டு விண்டோஸ் செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே, அதுக்குள்ள அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேன்னு போய்ப் பாத்தா, 60 ஹெர்ட்ஸ். மூணு மாசமா 60லதான் ஓடிட்டு இருந்திருக்கு. 240க்குக் காசு கொடுத்துட்டு, 60அப் பாத்துட்டு, 240ன்னு நம்பி சந்தோஷமா இருந்திருக்கான் புள்ள.

சிரிக்காதீங்க. இதப் படிக்கற உங்கள்ல எத்தன பேரு அந்த செட்டிங்கப் போய்ப் பாத்திருக்கீங்க? புது மானிட்டரச் சொருகினா விண்டோஸ் பல நேரம் 60லயே உக்காந்துக்கும். நாமதான் போய் மாத்தணும். அத அந்தக் கடைல ஒரு வார்த்தை சொல்லல. டப்பாவ வெள்ளை பாலித்தீன்ல கட்டிக் கொடுத்து, "சூப்பர் செலெக்‌ஷன் தம்பி"ன்னு அனுப்பி வெச்சிருக்காங்க.

சரி, மாத்தினேன். 240 ஆச்சு. மவுஸ் அம்புக்குறிய ஆட்டிப் பாத்தான். "அட, ஆமாங்ணா!" அது நெசமாவே வித்தியாசம் தெரியும், நான் இல்லைங்கல. ஆனா கேமுக்குள்ள போனா அதே 60, 70தான். ஏன்னா அவன்கிட்ட இருக்கறது 2019ல வந்த ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. அவன் வெச்சிருந்த செட்டிங்குல அது நொடிக்கு அவ்வளவு படம்தான் வரையும். சைபர்பங்க் போட்டுக் காட்டினான். ஓரத்துல ஓடற எண்ணு நாப்பதையே தாண்டல.

அப்பத்தான் வாசல்ல உக்காந்திருந்த சித்தப்பா உள்ள வந்து கேட்டார். "ஏங்கண்ணு, அந்த எரநூத்தி நாப்பதுங்கறானே, அப்படின்னா என்ன?"

நான் பெரிய இஞ்சினியராட்டம் ஆரம்பிச்சேன். மானிட்டர் ஒரு நொடிக்கு எத்தன தடவ படத்தப் புதுசாப் போடுதோ அதுதான் ஹெர்ட்ஸ். 60ன்னா ஒரு படம் 16.67 மில்லிசெகண்டு நிக்கும். 240ன்னா 4.17 மில்லிசெகண்டு. ஆனா படத்த வரையறது உள்ள இருக்கற கார்டு. கார்டு 60 படம் கொடுத்தா மானிட்டர் அதே படத்த நாலு நாலு தடவ திருப்பிக் காட்டும், அவ்வளவுதான்னு சொன்னேன்.

அவரு கொஞ்ச நேரம் யோசிச்சார். "நாடாவுல தார் தீந்ததுக்கப்பறமும் தறிய ஓட்டறாப்புல. சத்தம் வரும், துணி வராது."

கோயமுத்தூர்ல நாலு வருஷம் படிச்சு வாங்கின பட்டத்த அந்த எடத்துலயே மடிச்சு வெச்சுட்டேன். இதவிட சுருக்கமா எனக்குச் சொல்லத் தெரியாது. தறிக்கு வேகம்னு ஒண்ணு இருக்கு, துணிக்கு நெருக்கம்னு ஒண்ணு இருக்கு, ஊடைநூல் எவ்வளவு வருதுங்கறது மூணாவது. ஹெர்ட்ஸ் வேகம். ரெசல்யூசன் இழை நெருக்கம். கார்டு நூல். ஒரே நூலுதான். நெருக்கத்தக் கூட்டினா வேகத்துக்கு மிஞ்சாது, வேகத்தக் கூட்டினா நெருக்கத்துக்கு மிஞ்சாது. கணக்கு வேணும்னா: 1920க்கு 1080ன்னா சுமார் 20.7 லட்சம் புள்ளி. 2560க்கு 1440ன்னா 36.9 லட்சம். 4கேன்னு சொல்ற 3840க்கு 2160ல 82.9 லட்சம், அதாவது மொதல்ல சொன்னதுக்கு நேரா நாலு மடங்கு. அத்தனை புள்ளியையும் ஒவ்வொரு படத்துக்கும் கார்டுதான் வரையணும். வேலை அப்படியே நாலு மடங்கு ஆகாது, ஆனா ஏறத்தான் செய்யும்.

இப்ப என் கோவம் யாரு மேலங்கறதுக்கு வர்றேன். பையன் மேல இல்ல. கடை மேல கொஞ்சம். "பெரிய நம்பர் இருந்தா பெரிய மானிட்டர்"னு ஊரெல்லாம் ஓதி வெச்சிருக்கற கூட்டத்து மேலதான் மிச்சம் மொத்தமும். "144க்குக் கீழ வாங்கினா காசு தண்டம்"னு ஒருத்தர். "இனிமே 4கே இல்லாம வாங்கறவன் முட்டாள்"னு இன்னொருத்தர். அடுத்தவன் என்ன கார்டு வெச்சிருக்கான், என்ன விளையாடறான், அந்தத் திரைல வேற என்ன பண்றான், அவங்கப்பா எத்தன தறி ஓட்டறார்னு ஒரு கேள்வி கிடையாது. நம்ம பதிவுலக மக்களும் சேத்தித்தான். கோச்சுக்காதீங்க, நானே நாலு வருஷம் முன்னாடி இப்படி ஒரு பதிவு போட்டிருக்கேன். தேடாதீங்க, தூக்கிட்டேன்.

ஹெர்ட்ஸ்ல கூடக் கூட என்ன கிடைக்குதுன்னு நீங்களே கழிச்சுப் பாருங்க. 60ல இருந்து 144க்குப் போனா ஒரு படத்துக்கு 9.7 மில்லிசெகண்டு மிச்சம். 144ல இருந்து 240க்குப் போனா 2.8. 240ல இருந்து 360க்குப் போனா 1.4. நம்பரு ஏறிட்டே போகும், கைக்கு வர்றது தேஞ்சுட்டே வரும். மொதல் படி நெசமாவே பெரிய படி, அத நான் மறுக்கவே மாட்டேன். கேமே ஆடலைன்னாலும் பக்கத்த ஸ்க்ரோல் பண்ணாத் தெரியும். சினிமாவுக்குக்கூட ஒரு லாபம் உண்டு. நம்ம படமெல்லாம் நொடிக்கு 24 பிரேம். 60அ 24ஆல வகுத்தா ரெண்டரை, அதனால ஒரு பிரேம் ரெண்டு தடவ, அடுத்தது மூணு தடவன்னு மாறி மாறி நிக்கும். கேமரா மெதுவா ஒரு பக்கமா நகர்ற சீன்ல லேசா ஒதறறதுக்கு அதுவும் ஒரு காரணம். 120க்கும் 144க்கும் அந்தப் பிரச்சினை இல்ல, சரியா வகுபடும். ஆக, நூறு நூத்தி நாப்பத்து நாலு வரைக்கும் எனக்கு வாதமே இல்ல. அதுக்கு மேல ஏறும்போதுதான் "உன் கார்டு அவ்வளவு கொடுக்குமா"ங்கற கேள்வி வருது.

வேடிக்கை என்னன்னா, இந்த அதிக ஹெர்ட்ஸ் புதுசே கிடையாது. நான் நாலாங்கிளாஸோ அஞ்சாங்கிளாஸோ படிக்கறப்ப பெரியப்பா பையன் என்னய காந்திபுரத்துல ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போவான். வீட்ல சொல்றது ரெக்கார்டு நோட்டு வாங்கப் போறோம்னு. உள்ள பத்துப் பேரு கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடிட்டு இருப்பாங்க. முதுகு பெருத்த பழைய டியூப் மானிட்டர். அந்த மானிட்டருக எல்லாம் 1024க்கு 768ல 85 ஹெர்ட்ஸ் ஓடும். ரெசல்யூசனக் கொறச்சா நூறையும் தாண்டும். 60ல விட்டா கண்ணு முன்னாடி பளிச் பளிச்னு மினுக்கி தலை வலிக்கும். அண்ணன் உக்காந்த உடனே மொத வேலையா எக்ஸ்பில போய் அத மாத்துவான். அப்பறம் தட்டையா எல்சிடி வந்துச்சு. எல்லாரும் வாயப் பொளந்தோம். பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ். வேகத்துல ஒரு படி கீழ இறங்கினத யாரும் கவனிக்கல, மேஜைல எடம் மிச்சமாச்சுன்னு சந்தோஷப்பட்டோம். பத்து வருஷம் கழிச்சு அதே வேகத்த "கேமிங்"னு சிவப்பு லைட்டு வெச்சுத் திருப்பி வித்தாங்க. அன்னிக்கும் செட்டிங்க மாத்தணும், இன்னிக்கும் செட்டிங்க மாத்தணும். ஒரு தலைமுறைல நாம கத்துக்கிட்டது பூஜ்யம்.

ரெசல்யூசன் பக்கமும் இதே கூத்து நடந்திருக்கு. 2001லயே ஐபிஎம் டி221ன்னு ஒரு மானிட்டர் கொண்டு வந்துச்சு. 22.2 இஞ்ச்ல 3840க்கு 2400 புள்ளி. இன்னிக்கு நாம 4கேன்னு பீத்திக்கறதவிடக் கூட. ஆனா வேகம் 41 ஹெர்ட்ஸ். நிக்கற படத்த உத்துப் பாக்கறவங்களுக்கான பொட்டி அது. எக்ஸ்ரேவும் வரைபடமும் பாக்க அற்புதம், கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட உக்காந்தா கதை கந்தல். அதச் செஞ்சவங்களுக்கு யாருக்காகச் செய்யறோம்னு தெளிவாத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் யாருக்காக வாங்கறோம்னு தெரியல.

இப்ப எனக்கு ரொம்ப நாளா உறுத்தற ஒண்ணு. இத எழுதலேன்னா இந்தப் பதிவே வீண். நாமெல்லாம் தமிழ்ல எழுதற ஆளுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் கேம் ஆடினாலும், மிச்ச நேரமெல்லாம் எழுத்தத்தான பாக்கறோம்? தம்பியோட மானிட்டர் 27 இஞ்ச், ஆனா 1920க்கு 1080தான். ஒரு இஞ்ச்சுக்கு 82 புள்ளிகூட முழுசா வராது. ஒவ்வொரு புள்ளியும் கிட்டத்தட்ட 0.31 மில்லிமீட்டர். அதுல என் பதிவத் திறந்து பாத்தேன். 'ணு'வும் 'ளை'யும் 'ழி'யும் புழுதில புரண்டு வந்த மாதிரி இருக்கு. ஆங்கில எழுத்து பாதிக்கு மேல நேர்க்கோடு, தாங்கிக்கும். நம்ம எழுத்து பூரா சுழி, வளைவு, கொக்கி. 'ண'ல மூணு சுழி இருக்கா, 'ன'ல ரெண்டு இருக்காங்கறதே சின்ன எழுத்துல கண்ண இடுக்கித்தான் பாக்கணும். அதே 1080அ 24 இஞ்ச்ல வெச்சா இஞ்ச்சுக்கு 92 புள்ளி ஆயிடும், பரவால்ல. 27 இஞ்ச்தான் வேணும்னா 1440க்குப் போனா 109. அங்கதான் தமிழ் எழுத்து எழுத்தாட்டம் தெரிய ஆரம்பிக்குது. 27ல 4கேன்னா 163. அச்சடிச்ச புஸ்தகமாட்டம் இருக்கும். ஆனா விண்டோஸ்ல அளவக் கூட்டி வெச்சாத்தான் படிக்க முடியும், பழைய சாப்ட்வேர் சிலது அதுல மங்கலாத் தெரியும். எங்க ஆபீஸ்லயே ஒண்ணு இருக்கு, பேரச் சொன்னா வேலை போயிடும்.

ஆக, 27 இஞ்ச்ல 1080ங்கறதுதான் என் கண்ணுக்கு இருக்கறதுலயே மோசமான பேரம். பெருசாத் தெரியும், அதான் கடைல எடுபடுது. "24க்கும் 27க்கும் ரெண்டாயிரம்தான் தம்பி வித்தியாசம்"னு சொல்லியிருக்காங்க. பெருசானது திரை மட்டும்தான், புள்ளி ஒண்ணுகூடக் கூடல. அதே மாவுல பெரிய தோசை!

கடைக்காரர் சொன்ன இன்னொண்ணு, எனக்கு ரத்தம் கொதிச்சது இதுக்குத்தான். "இப்பத்தான் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆச்சு தம்பி, அதான் இந்த விலை, இப்ப விட்டா கிடைக்காது." 2025 செப்டம்பர் 22ல கொறச்சது வாஸ்தவம். ஆனா அது 32 இஞ்ச்சுக்கு மேல இருக்கற திரைக்கு. 32 வரைக்கும் 2019 ஜனவரி 1ல இருந்தே 18 சதவீதம்தான். 27 இஞ்ச் மானிட்டருக்கு அந்தத் தீபாவளில ஒரு பைசா வரி கொறையல. கொறையாத வரியக் கொறஞ்சதுன்னு சொல்லி அவசரப்படுத்தி வித்திருக்காங்க. இத அவன்கிட்ட சொன்னப்ப அவன் மூஞ்சி போன போக்கு இருக்கே... அதுக்கப்பறம் ஹெர்ட்ஸ் பத்தி நான் அதிகம் பேசல.

அட்டப்பொட்டில "1 எம்எஸ்"னு இத்தாம்பெருசுக்குப் போட்டிருந்துச்சு. அதுலயும் ரெண்டு வகை இருக்கு. ஒரு புள்ளி ஒரு சாம்பல் நிறத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாற எடுத்துக்கற நேரம் ஒண்ணு. பின்னாடி இருக்கற வெளிச்சத்த அணைச்சு அணைச்சுப் போட்டு நகர்ற உருவம் இழுபடாமத் தெரிய வெக்கறது இன்னொண்ணு. ரெண்டையும் ஒரே "1 எம்எஸ்"னு போட்டு விக்கறாங்க. பின்னதப் போட்டா பல மானிட்டர்ல திரை மங்கிடும். அவனோடது அந்த ரகம். பேனல் விஏ வகை, கறுப்பு நல்லாக் கறுப்பாத் தெரியும், ஆனா ராத்திரி சீன்ல ஆள் ஓடினா பின்னாடியே நிழல் இழுத்துட்டுப் போகுது. 240ன்னு சொன்னா 4.17 மில்லிசெகண்டுக்குள்ள புள்ளி நிறம் மாறியாகணும். அந்த பேனலுக்கு இருட்டுல அது முடியல. தறி ஓடுது, நாடா அந்தக் கரைக்குப் போய்ச் சேரல.

அந்தப் பொட்டில உருப்படியான ஒரு சமாச்சாரம் இருந்துச்சு, அது இருந்ததோ அடில சின்ன எழுத்துல. கார்டு எந்த வேகத்துல படம் கொடுக்குதோ அதுக்கேத்த மாதிரி மானிட்டரும் தன் வேகத்த மாத்திக்கற வசதி. என்விடியா 2013ல ஜிசிங்க்னு தனிச் சில்லு வெச்சுக் கொண்டு வந்துச்சு, ஏஎம்டி ஃப்ரீசிங்க்னு அந்தச் சில்லு இல்லாமலே கொண்டு வந்துச்சு. 2019 ஜனவரில இருந்து என்விடியா கார்டும் ஃப்ரீசிங்க் மானிட்டரோட ஒத்துப்போக ஆரம்பிச்சுது. தம்பி மானிட்டர் மெனுவுல அது அணைஞ்சே கிடந்துச்சு. போட்டு விட்டேன். அதே 60, 70ல ஜிடிஏ ஓடுச்சு, படம் நடுவுல கிழியறதும் தத்தறதும் போயிடுச்சு. "இதுதாண்ணா வெண்ணெய்"ன்னான். 240க்குக் கொடுத்த காசுல கிடைக்காதது, மெனுவுல ஒரு பொத்தான்ல கிடைச்சுது. இத எந்தக் கடையும் சொல்லாது, எழுதினா நம்மாளுங்களும் "போரு"ம்பீங்க.

எதிர்க் கட்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லிடறேன், இல்லேன்னா பின்னூட்டத்துல வந்து சாத்துவீங்க. 240 வெட்டிங்கறது என் வாதம் இல்ல. வாலரண்ட் மாதிரி லேசான கேமுகள இருநூறு முந்நூறு பிரேம்ல ஓட்டற கார்டு வெச்சுக்கிட்டு, தினமும் அதையே ஆடறவனுக்கு 24 இஞ்ச் 1080ல 240 நெசமாவே சரியான பொருள். போட்டில ஆடறவங்க மேஜைல 4கே இல்லாம சின்னத் திரையும் பெரிய ஹெர்ட்ஸும் இருக்கறது சும்மா இல்ல. அவனுக்கு நெருக்கத்தவிட வேகம் முக்கியம். கதை இருக்கற கேம நிதானமா ஆடி, ஊரச் சுத்தி வேடிக்கை பாக்கறவனுக்கு 1440ல நூத்திச் சொச்சம் போதும். கார்டு இல்லாதவன் மொதல்ல கார்டப் பாக்கணும். என் தம்பி ஆடறது ஜிடிஏ, கிரிக்கெட், எப்பயாவது சைபர்பங்க். வாலரண்ட் அவன் கம்ப்யூட்டர்லயே கிடையாது. அவனுக்கு அந்தக் கடைல யாராச்சும் "தம்பி, என்ன கார்டு வெச்சிருக்கீங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா முடிஞ்சுது.

கடைக்கு நானும் போனேன், பொங்கல் முடிஞ்ச சனிக்கிழமை. மேம்பாலத்துக்கு அடில வண்டிய நிறுத்த எடம் தேடினதுலயே பாதி கோவம் ஆவியாயிடுச்சு. பேசினேன். பொருள்ல கோளாறு இல்லையே சார், வேலை செய்யுதே, எப்படி மாத்தறதுன்னாங்க. அதுவும் வாஸ்தவம், அது வேலை செய்யத்தான் செய்யுது. ஜிஎஸ்டி சமாச்சாரத்தக் கேட்டேன். "அந்தப் பையன் இப்ப வேலைல இல்லீங்க சார்." நாலு பேரு டீ குடிச்சுட்டு வேடிக்கை பாத்தாங்க. வந்துட்டேன்.

கடைசில பீளமேட்டுல ஹாஸ்டல்ல இருக்கற ஒரு பையன், தம்பிக்குத் தெரிஞ்சவனுக்குத் தெரிஞ்சவன், நாள் பூரா வாலரண்ட்தான், கார்டும் நல்ல கார்டு. அவன் நாலாயிரம் கொறச்சு வாங்கிட்டுப் போனான். விஏ நிழல், 82 புள்ளி, எல்லாத்தையும் சொல்லித்தான் கொடுத்தோம். "எனக்கு எழுத்துப் படிக்கற வேலை இல்லீங்ணா"ன்னுட்டான். தம்பிக்கு 24 இஞ்ச் ஐபிஎஸ், 1080, 100 ஹெர்ட்ஸ் ஒண்ணு எடுத்தாச்சு. இந்தத் தடவ கூடவே போனேன். வீட்டுக்கு வந்து சொருகினதும் அவனே மொத வேலையா செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தான். 60ல இருந்துச்சு.

மிச்சக் காச சித்தப்பா கைல கொடுத்தான். எண்ணிப் பாக்காம மேல்பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு தறிப்பட்டறைக்குப் போயிட்டார். சீட்டு இன்னும் ஏழு தவணை கட்டணும்.